நள்ளிரவில் அழும் குழந்தை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஊரில் குழந்தை இரவில் வீறிட்டு அழுதால், பாட்டியார் எழுந்து மடியில் வாங்கிக்கொள்வார். இங்கோ, பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர் ஊர் திரும்பியதும் இளந்தாய் தனித்து நிற்கிறாள். சுவருக்கு அப்பாலிருந்து, "பால் போதவில்லை போலும்" என்ற தீர்ப்பும் வருகிறது. அது பெரும்பாலும் பொருந்தாத தீர்ப்பு.

பிறந்த குழவிக்கு இரவு பகல் தெரியாது. அதன் இரைப்பை சிறியது. தாய்ப்பாலோ விரைவில் செரிப்பது. ஆகவே நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் வேண்டும். கையைச் சப்புதலும் வாய் திறந்து தலையைத் திருப்புதலும் பசியின் முதற்குறிகள். அழுகை கடைசிக் குறி.

பசி தீர்ந்த பின்னும் அழுவதுண்டு. அவ்வழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணியும். 1954-இல் அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸலும் அவருடன் ஆய்ந்தோரும், நாளில் 3 மணி நேரத்திற்கு மேலாக, வாரத்தில் 3 நாட்களுக்கு மேலாக அழும் குழவிகளைப் பற்றி எழுதினர். அவை நன்கு பாலுண்டு நலமாக இருந்த குழவிகளே! ஆகவே தாயைக் குறை கூறுதல் தகாது.

செய்யத்தக்கது யாது? பாலூட்டி, ஏப்பம் விடச் செய்து, ஈரத்துணியை மாற்றுவோம். குளிருக்கு அஞ்சி அளவுமீறிப் போர்த்தியிருந்தால் குறைப்போம். 2022-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்று, 5 நிமிடம் குழந்தையை ஏந்தி நடந்து, உறங்கிய பின் 5 முதல் 8 நிமிடம் ஏந்தியபடியே அமர்ந்திருந்து, பிறகு படுக்கவைக்கச் சொல்கிறது. பாலூட்டத் தாய் வேண்டும். ஏந்தி நடக்கத் தந்தையின் தோள் போதும்.

வசம்பு, தேன், சர்க்கரை நீர், கிரைப் வாட்டர் ஆகியவை வேண்டா. மருத்துவர் தரும் மருந்து நீங்கலாக, ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும்.

எவ்வளவு சினம் மூண்டாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கலாகாது. மூளையில் குருதி கசிந்து பார்வையும் உயிரும் போகக்கூடும். பொறுமை எல்லை கடந்தால், மல்லாந்து படுக்கவைத்துவிட்டுச் சற்றே வெளியே நின்று மூச்சு விடுங்கள். அண்டை வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடியாமை, பச்சை நிற வாந்தி, மூச்சுத் திணறல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மறுநாள் அத்தாயைக் காணுங்கால், "இரவெல்லாம் ஏனம்மா அழுதது?" என்று கேளாமல், "குழந்தையை எங்களிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உறங்கம்மா" என்போம். பாட்டியார் இல்லாத ஊரில் நம் குடியிருப்பே பாட்டியாராகட்டும்.