நவம்பர் மாதத்து மாணவர்கள்

(கோப்பெங் வட்டார மாணவர்களுக்கான பரிசளிப்பு நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பாராட்டுகிறேன். இந்தப் பிள்ளைகள் எவ்வளவு பாடுபட்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறார்கள் என்பது அவர்களின் தாய்மார்களுக்குத் தெரியும். எனக்கும் ஓரளவு தெரியும். ஆனால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே வராத பிள்ளைகளுக்காகச் செலவிட அனுமதி கேட்கிறேன். அவர்கள் பள்ளியை விட்டுப் போனது பெரும்பாலும் ஒரே பருவத்தில்தான். தேர்வு முடிந்த பிறகு வரும் ஆண்டிறுதி வாரங்களில்.

நான் 1982இல் இவ்வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்தேன். அன்றைய கோப்பெங்கை இங்கே இருக்கும் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கலாம். லம்பத்தில் ஈயம் எடுத்த காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கடைத்தெருவில் காசு புழங்கியது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து விழுந்த பிறகு, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் ஈப்போ பக்கம் போயின. எங்கள் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் ஜனவரிக்கும் நவம்பருக்கும் இடையே எத்தனை பெயர்கள் கோடிட்டு அடிக்கப்பட்டன என்பதைப் பார்த்தாலே இவ்வூரின் பொருளாதாரம் புரிந்துவிடும்.

அந்நாளில் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். பெருந்தொற்றுக்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப்போய், 2026இல் மறுபடி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போகும் நவம்பர் மாதம் மீண்டும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் படிவம் மூன்றின் அரசாங்கத் தேர்வு முடிந்துவிடும். முதலில் அது எஸ்.ஆர்.பி.; 1993 முதல் பி.எம்.ஆர்.; பிறகு 2014 முதல் பி.டி.3 என்று பெயர் மாறி, 2022இல் அதுவும் கைவிடப்பட்டது. தேர்வு முடிந்ததும் பாடம் நடக்காது. வெளியே அடைமழை. உள்ளே நாற்பது பிள்ளைகள். கோத்தோங் ரோயோங் என்று வகுப்பறையைக் கழுவுவார்கள். மேசையில் கிறுக்கியவனே உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். டெலிமேட்ச் விளையாட்டு நடக்கும்; வகுப்புப் படம் எடுப்பார்கள். ஒருநாள் பேருந்து பிடித்துக் குவா தெம்புரோங் குகைக்கோ, பத்து காஜா சாலையில் இருக்கும் கெல்லி கோட்டைக்கோ அழைத்துப் போவோம்.

கெல்லி கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1915 வாக்கில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் காலமாகிவிட்டதால் முடிவுபெறாமலே நிற்கிறது. மாளிகையைக் கட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் உண்டு. விஷக்காய்ச்சலில் பலர் மாண்டபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்டதாகவும் துரை கட்டிக்கொடுத்ததாகவும் சொல்வார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் அந்த மாரியம்மன் கோயிலின் மேலே, சுவாமிகளுக்கு நடுவே வெள்ளை உடுப்புப் போட்ட துரையின் உருவமும் நிற்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி, "துரை இருக்காரு. செங்கல் தூக்குனவங்க எங்க சார்?" என்று கேட்டாள். எந்தப் பாடநூலிலும் வராத கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்த பெண், வருகைப் பதிவேட்டில் "மந்தம்" என்று குறிக்கப்பட்டிருந்தவள். பாடம் இல்லாத நாள்களில்தான் ஓர் ஆசிரியருக்குத் தன் மாணவர் யார் என்பது தெரிகிறது என்று நான் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கடைசியாக வகுப்பு விருந்து. ஜாமுவான் என்றால் எல்லாருக்கும் புரியும். மலாய்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்து மீகூனும் குவேயும் வரும்; சீனப் பிள்ளைகள் பெட்டி பெட்டியாகப் பானம் கொண்டுவருவார்கள்; நம் பிள்ளைகள் தீபாவளி முறுக்கின் மிச்சத்தைக் கொண்டுவருவார்கள். தலைக்கு மூன்று வெள்ளி வசூல். இதிலே என்ன துன்பம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மூன்று வெள்ளி இல்லாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வரமாட்டான். கேட்டால் வயிற்றுவலி என்பான். ஐந்தாறு ஆண்டுகள் நானும் வயிற்றுவலி என்றே நம்பினேன்.

இனி, நான் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன்.

1975 முதல் நம் நாட்டில் பாடநூல் கடனுதவித் திட்டம் இருக்கிறது. அன்று குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும். 2008 முதல் எல்லா மாணவர்களுக்கும். நல்ல திட்டம். அதனால்தான் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் கடன் என்றால் ஆண்டிறுதியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிய நூல்கள் அத்தனையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். தொலைந்தாலும் கெட்டுப்போனாலும் ஈடு கட்ட வேண்டும்.

1987ஆம் ஆண்டு. என் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். தகப்பனார் லம்பத்து வேலையை இழந்தவர். தாயார் பால்மரம் வெட்டினார். கணக்கில் கெட்டிக்காரப் பையன். நூல்களை ஒப்படைக்கும் நாளில் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் வகுப்பாசிரியர். என் கடமை, கொடுக்காதவர் பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. ஒட்டினேன். அவன் பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன். அவன் எந்த நண்பனிடமும் அதைக் கேட்டறிந்திருக்க முடியும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எஸ்.ஆர்.பி. தேர்வில் தோற்றால் படிவம் நான்கிற்குப் போக முடியாத காலம் அது. முடிவு வந்தபோது அவன் தேறியிருந்தான். நல்ல தேர்ச்சி. அவனுடைய முடிவுத்தாள் அலுவலக மேசை இழுப்பறையிலே கிடந்தது. வாங்க ஆள் வரவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தது. புதிய வகுப்பு, புதிய பெயர்கள். நான் மறந்துவிட்டேன். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை, மறந்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஈப்போவில் ஒரு டயர் கடையில் என் காருக்கு டயர் மாற்ற நின்றேன். ஜாக்கி வைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "வணக்கம் சார்" என்றான். அவனேதான். ஏனப்பா வராமல் போய்விட்டாய் என்று கேட்டேன். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு புத்தகங்கள் ஊறிப்போய்விட்டனவாம். "இருபது வெள்ளிக்கு மேல வரும்னாங்க சார். அம்மாகிட்ட எப்படிக் கேக்குறது? அடுத்த மாசம் கட்டிட்டு வரலாம்னு வேலைக்குப் போனேன். அப்புறம் அப்படியே இருந்துட்டேன்." சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான். தேர்வில் தேறிய செய்தியே அவனுக்கு என்னிடமிருந்துதான் அன்று தெரிந்தது. டயருக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டான். நான் வற்புறுத்திக் கொடுத்தது எத்தனை வெள்ளி என்று வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன். அந்த இரண்டு புத்தகத்தின் விலையை விட அதிகம்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை ஒவ்வொரு நவம்பரிலும் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். பெரிய தொண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம், பயத்தினால் போனேன். போன இடத்தில் தெரிந்துகொண்டவை பல. ஒரு வீட்டில் புத்தகம். இன்னொரு வீட்டில் பேருந்துக் கட்டணப் பாக்கி. மற்றொரு வீட்டில் தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாத்தியாரய்யா, பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, இனிமே எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலை நாம் பெற்றோருக்குச் சொல்லவே இல்லை.

பதில் இதுதான். பள்ளியை விட்டுப் போகும் மாணவனுக்குப் பள்ளி நிறுத்தச் சான்றிதழ் கொடுப்பார்கள். சிஜில் பெர்ஹெந்தி. அதில் அவனுடைய நடத்தை, சங்கங்களில் வகித்த பொறுப்பு, விளையாட்டு எல்லாவற்றையும் ஆசிரியர் எழுதுவார். புறப்பாட நடவடிக்கைகளுக்குப் புள்ளி போடுவதும் ஆண்டிறுதியில்தான். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கு 2002 முதல் தகுதி முறை வந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு தேர்வுக்கும் பத்து புறப்பாடத்துக்கும் என்று கணக்கிட்டார்கள். நம் பிள்ளைகள் பலரின் ஏட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். சோம்பல் காரணமன்று. தோட்டத்துப் பேருந்து ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடும். சாரணர் பயிற்சி மூன்று மணிக்கு. இடையில் சாப்பாடு இல்லை, திரும்பிப் போக வண்டியும் இல்லை. சிற்றுண்டிச்சாலையில் ஒரு தட்டுச் சோறும், மாலையில் ஒரு வேனும் இருந்தால் அந்தக் கட்டம் நிறைந்துவிடும். பத்துப் புள்ளி என்பது சில துறைகளில் இடம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள இடைவெளி.

தமிழைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஓர் இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பதினைந்து கையெழுத்து. அதற்காக நான் ஆண்டுதோறும் அலைந்திருக்கிறேன். பதினான்கு கிடைத்து நின்ற ஆண்டும் உண்டு. பதினைந்தாவது கையெழுத்தை ஒரு தகப்பனார் திருமண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடி போட்டுக் கொடுத்தார். எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்கள்தாம் என்று 2009இல் அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் கைநழுவிப் போகுமே என்று நம்மவர்கள் நாடெங்கும் குரல் கொடுத்தார்கள்; அவ்வாண்டின் இறுதியிலேயே பன்னிரண்டு பாடங்கள் எடுக்கலாம் என்று அரசாங்கம் இணங்கியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் படிவம் நான்கிற்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளில் நம் பெற்றோரே தமிழை விட்டுவிடுகிறார்கள். 'ஏ' கிடைக்காது என்ற அச்சம். அச்சத்தைக் குறை சொல்லமாட்டேன். விடுமுறையில் ஒரு வகுப்பு வைத்து அச்சத்தைப் போக்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

பிறகு அந்த நீண்ட விடுமுறை. ஈப்போ பேரங்காடிகளில் வேலை. பதினைந்து வயதுப் பையன் முதன்முதலாக முந்நூறு, நானூறு வெள்ளியைத் தன் கையில் பார்க்கிறான். வீட்டில் அவனுக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது. பள்ளி திறக்கும்போது வெள்ளைச் சட்டை தைக்கக் காசு இருக்கிறது. ஆனால் அவனுக்குப் போக மனமில்லை. இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை மக்களவை 2025இல் நிறைவேற்றியது. வரவேற்கிறேன். ஆயினும் சட்டம் அறிவிப்புக் கடிதத்தைத்தான் வீட்டுக்கு அனுப்பும்; வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

நன்கொடையாளர்களிடம் கேட்கிறேன். இன்று மேடையில் இருக்கும் கோப்பைகள் அழகானவை. என் வீட்டிலும் சில இருக்கின்றன. என் மனைவி அவற்றில் பேனா போட்டு வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு கோப்பைகளில் பாதியைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை நவம்பருக்கென்று ஒதுக்கி வைக்க முடியுமா? கெட்டுப்போன பாடநூலுக்கு ஈடு, மாலை வேனுக்கு எண்ணெய்ச் செலவு, வகுப்பு விருந்துக்கு மூன்று வெள்ளி. கடைசி இனத்தை வேடிக்கையாகச் சொல்லவில்லை. யாருக்குக் கொடுத்தது என்று மலரில் பெயர் போட வேண்டாம்; பிள்ளைகள் கூசுவார்கள்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் வண்டி கொடுக்கலாம். வண்டி இல்லாதவர்கள் என்னோடு வரலாம். எனக்கு முழங்கால் வலி. மோட்டார் சைக்கிளை என் மகன் விற்றுவிட்டான். ஆனால் வீடுகள் இருக்கும் இடம் எனக்கு இன்னும் தெரியும். விருப்பமுள்ளவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் உணவுக்கூடத்தின் வாசலில் என்னிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுங்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன்.