இரயில் பாதையும் நகரங்களும் நம் பள்ளிகளும்



தீபகற்ப மலேசியாவின் வரைபடத்தை விரித்துப் பெரிய நகரங்களை மட்டும் புள்ளியிட்டுப் பார்ப்போம். மேற்கே பட்டர்வொர்த், தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் எனப் புள்ளிகள் தொடுத்தாற்போல் நிற்கும். தித்திவங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே கோத்தா பாரு, குவாலா திரெங்கானு, குவாந்தான் என அவை அருகிவிடும்.

இதற்கு முதற்காரணம் ஈயம். 1857இல் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் இறங்கி அம்பாங் நோக்கி நடந்த ஈயத் தொழிலாளரால் தோன்றியதே கோலாலம்பூர். 'லும்பூர்' என்றால் சேறு. தலைநகரின் பெயரில் இன்னும் அந்தச் சேறு காயவில்லை! ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. இரயில் சென்ற பகுதிகளில் இரப்பர் பரவியது. இரப்பரைத் தொடர்ந்து நம் முன்னோர் வந்தனர்.

இங்கே ஒரு சட்டத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே தமிழ்ப்பள்ளியின் இடத்தை முடிவு செய்தது இரப்பர் மரமே. 1957இல் 888 பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல்.

இதற்கிடையில் மக்கள் இடம் மாறினர். தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது; எழுபதுகளில் தொழிற்சாலைகள் இளையோரை ஈர்த்தன. 1970இல் மலேசியரில் மூவரில் ஒருவருக்கும் குறைவானோரே நகரவாசிகள். 2020இல் நூற்றுக்கு 75.1 பேர். இவ்வளர்ச்சி முழுவதும் குடிபெயர்வால் வந்ததன்று. 1991 கணக்கெடுப்பு முதல் நகர எல்லையை ஒட்டிக் கட்டடம் பெருகிய பகுதிகளும் நகரமாக எண்ணப்பட்டன. வீடு மாறாமலே நகரவாசியானோரும் உண்டு. தலைநகரைவிட அதன் சுற்றுப்புறம் பெருத்திருப்பதும் நோக்கத்தக்கது. 2020இல் கோலாலம்பூரில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். அருகிலுள்ள பெட்டாலிங் மாவட்டத்திலோ ஏறத்தாழ 23 இலட்சம் பேர்.

சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்தின் மீது எழுந்த நகரம். தோட்டம் மறைந்தும் அங்குள்ள தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே நகரம் பள்ளியைத் தேடி வந்தது. நகரம் வராத தோட்டங்களிலோ லயங்கள் வெறுமையாகி, 150 மாணவர்க்கும் குறைந்த பள்ளிகள் எஞ்சின. புதிய குடியிருப்புகளில் தமிழ்ப் பெற்றோர் நிறைந்திருந்தும் நடந்து செல்லும் தொலைவில் தமிழ்ப்பள்ளி இல்லாத இடங்கள் பல.

மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை என்று மேடைகளில் பழிக்கிறோம். நாமும் அவ்வாறு பேசியதுண்டு, அது முறையன்று. காலை ஆறு மணிக்கே ஏழு வயதுக் குழந்தையை வேனில் ஏற்றி அனுப்பத் தயங்கும் தாயிடம் மொழிப்பற்றைப் பற்றி உரையாற்றுவதில் பயனில்லை. பள்ளியின் உரிமத்தை மக்கள் வாழும் பகுதிக்கு மாற்றுவதே அவளுக்கு விடையாகும்.

அதற்குச் சான்று வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு மாவட்ட வரைபடத்தில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் குடியிருப்புகளை ஒரு நிறத்திலும் தமிழ்ப்பள்ளிகளை மற்றொரு நிறத்திலும் குறிக்கச் செய்யுங்கள். பள்ளி வாரியம் கல்வி இலாகாவுக்குச் செல்லும்போது மனுவோடு அந்த வரைபடமும் செல்லட்டும்.