நடுகல் காட்டும் மூதாதை



போரில் மாய்ந்த முன்னோனைத் தேடுவோர் மேலைநாடுகளில் படைப் பதிவேடுகளைப் புரட்டுவர். கம்பைநல்லூரை உள்ளடக்கிய தருமபுரி மாவட்டத்திலோ அத்தகைய பதிவேடுகளாக நிற்பவை நடுகற்களே.

ஒரு கல் எத்துணைச் செய்தி தரும் என்பதற்கு அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையின் எடுத்தனூர்க் கல் சான்றாகும். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, தலைவர் பொற்றொக்கையார், அவர்தம் சேவகன் கருந்தேவக்கத்தி, தன் எருமைகளுக்காகப் பட்டான். கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் அங்கு உண்டு. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ இத்தகைய கற்கள் பலவற்றை அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்தியது.

ஆநிரை மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. கவர்ந்து பட்டவனுக்கும் கல் உண்டு. தொல்காப்பியமும் கவர்தல், மீட்டல் இரண்டனையும் வெட்சித்திணையுள் அடக்கிற்று. தம் மூதாதை மீட்டவனாகவே இருத்தல் வேண்டும் என விழைவது மனித இயல்பு. ஆயினும், கவர்ந்தவன் எனக் கல் கூறுமாயின் அதனை மாற்றியுரைத்தல் வரலாறாகாது. அவன்பால் கொண்ட அன்பும் ஆகாது.

வேடியப்பன் என இக்கற்களை வழிபடும் குடியினர் அவ்வீரர்தம் நேர் வழித்தோன்றல்கள் என்பதற்குக் கல் மட்டுமே சான்றாகாது. ஆயினும், கல்லைக் காத்தவர்கள் அவர்களே. எண்ணெயும் வண்ணமும் எழுத்தை மறைக்குமுன் அதனைப் படியெடுத்து வைத்தல், அவ்வழிபாட்டின் ஓர் அங்கமாகவே அமைதல் வேண்டும். பூசனை வீரனைத் தெய்வமாக்கும். எழுத்தே அவனுக்குப் பெயரை மீட்டளிக்கும்.