கணக்கு யாருக்கு வராது?

(பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்காக எங்கள் ஊர் மாலை நேரப் படிப்பகத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேர்வு முடிவு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் 'என்ன குரூப் எடுக்கப் போற?' என்று கேட்காத ஆள் இந்தத் தெருவில் இருக்க மாட்டார். நான் உள்ளே வரும்போதே ஒரு தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் நர்சிங் படிக்கப் போறேன். அதுக்குக் கணக்கு தேவையா? இல்லேன்னா பியூர் சயின்ஸ் எடுத்துடலாம்ல?" என்று கேட்டாள். எழுதி வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, அவளுக்கே பதில் சொல்கிறேன்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தகுதிப்படி, பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். கணிதம் இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கான தரவரிசையும் அறிவியல் பாட மதிப்பெண்களை வைத்துத்தான் போடப்படுகிறது. ஆகவே பயோ மேத்ஸ் படித்தாலும் சேரலாம், தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் படித்தாலும் சேரலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. தொழிற்பிரிவில் நர்சிங் என்ற பெயரிலேயே ஒரு குரூப் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதுதான் நேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டப்படிப்புக்கு இயற்பியலும் வேதியியலும் கேட்கிறார்கள். பள்ளியில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வெளியிடும் தகவல் தொகுப்பேட்டை வாங்கி, தகுதி என்ற பக்கத்தை நீங்களே படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று முடிவெடுக்காதீர்கள்.

இத்தோடு முடித்துவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். ஏன் என்று சொல்ல, என் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அக்கா பத்தாம் வகுப்புக் கணக்கில் 78 வாங்கினாள். பயோ மேத்ஸ் கேட்டு வரிசையில் நின்றாள். சேர்க்கை மேசையில் இருந்த ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், பிறகு சாதிச் சான்றிதழைப் பார்த்தார். "உங்க தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராதும்மா. நர்சுக்குத்தானே போகப் போற? பியூர் சயின்ஸ் எடுத்து பாஸாகுற வழியைப் பாரு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, நல்லது செய்வதாகவே நினைத்தார். அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "எனக்குக் கணக்கு வராதாம்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அதை அவளே நம்பத் தொடங்கினாள்.

நர்சிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒருநாள் இரவு விடுதியிலிருந்து போன் செய்து அழுதாள். மருந்தளவுக் கணக்கு. ஆம்பூலில் 2 மில்லியில் 80 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, டாக்டர் எழுதியது 60 மில்லிகிராம், எத்தனை மில்லி எடுப்பது? போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியில் இருந்த அம்மா அங்கிருந்தே கேட்டார்: "ஏண்டி, எம்பது ரூபாய்க்கு ரெண்டு கிலோன்னா அறுபது ரூபாய்க்கு எவ்வளவு? ஒன்றரை கிலோ. இதுக்கா அழுவுற?"

விடை சரி. ஒன்றரை மில்லிதான். எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நடவுக் கூலியைப் பத்துப் பேருக்குப் பிரிப்பதும், நூற்றுக்கு ஐந்து வட்டியில் வாங்கிய கடன் எங்கே போய் நிற்கும் என்பதும் அவருக்கு மனக்கணக்கு. அவர் மகளுக்குக் கணக்கு வராது என்று ஒருவர் சொன்னார், நாங்களும் அதை நம்பினோம்.

வார்டில் கணக்கு எங்கே வருகிறது என்று கேட்டால், எங்கும் வருகிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 180 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.2 மில்லி. அதே 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லிதான். பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் ஊற்றினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். 500 மில்லி குளுக்கோஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 10,000 சொட்டை 240 நிமிடத்தால் வகுத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு வைக்க வேண்டும். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதை 100 யூனிட் சிரிஞ்சில் எடுத்து 20 என்ற கோட்டில் நிறுத்தினால் உள்ளே போவது 8 யூனிட்தான்.

இதற்கெல்லாம் பிளஸ் டூவின் வகைநுண்கணிதம் வேண்டாம். விகிதம், விழுக்காடு, தசமம், அலகு மாற்றம் போதும். எல்லாம் எட்டாம் வகுப்புக்குள் படித்தவை. ஆனால் தடுமாறாமல் வர வேண்டும். 'எனக்கு வராது' என்ற பயத்தோடு நடு இரவில், அழுகிற குழந்தைக்குப் பக்கத்தில் நின்று போடும்போதுதான் தசமப்புள்ளி இடம் மாறுகிறது.

பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் விட்டுத் தொலைத்தோம் என்று நினைத்த திட்ட விலக்கம் அங்கே திரும்ப வரும். 'விளக்கேந்திய மாது' என்று நாம் படித்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கணக்கில் கெட்டிக்காரர். கிரிமியப் போரில் பல வீரர்கள் செத்தது காயத்தால் அல்ல, தடுத்திருக்கக்கூடிய நோயால் என்பதை அவர் 1858இல் வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அந்தப் படமும் எண்ணும் அரசாங்கத்திடம் பேசின. கருணையோடு பணிவிடை செய்பவள் என்று செவிலியரைச் சுருக்குகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

தங்கையே, இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

செடிகொடி, விலங்குகள் பற்றிப் படிக்க உனக்குப் பிடித்திருக்கிறது, கணக்குக்குச் செலவிடும் நேரத்தை அறிவியலில் போட்டால் தரவரிசையில் முன்னேறலாம் என்று நீயே யோசித்து முடிவெடுத்தால், தாராளமாகப் பியூர் சயின்ஸ் எடு. கணக்கில் 35 வராமல் போனால் பிளஸ் டூவே நின்றுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆறு முதல் எட்டு வரையிலான கணக்குப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதே. வாரம் ஒரு மணி நேரம் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்.

நர்சிங்தான் என்று இன்னும் உறுதியாகவில்லை, 17 வயதில் மனம் மாறலாம் என்றால் பயோ மேத்ஸ் எடு. பொறியியல், புள்ளியியல், இயற்பியல் என்று மற்ற கதவுகளும் திறந்திருக்கும். அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த நான் அதே மேசையில் பிடிவாதமாக நின்று பயோ மேத்ஸ் வாங்கினேன். டியூஷன் வைக்கக் காசில்லை. பிளஸ் ஒன்னில் இரண்டு முறை ஃபெயில் மார்க்கும் வாங்கினேன். ஆனால் அதனால்தான் புள்ளியியல் படித்து, இன்று பொது சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடிகிறது.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள். கணக்கு வேண்டாம் என்று நீ முடிவு செய்தாயா, யாராவது உனக்காக முடிவு செய்தார்களா? நம்மை முத்திரை குத்தி ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பது சாதிக்குப் புதிதல்ல. முன்பு வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்கள், இப்போது குரூப் பிரிக்கும் மேசையில் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் மதிப்பெண் பட்டியலைக் காட்டி, 'எந்த விதிப்படி சார்?' என்று கேள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சொல், சேர்க்கை நாளன்று நாங்கள் நான்கு பேர் உன்னோடு வருகிறோம்.

என் அக்கா இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு மருந்தளவுக் கணக்கு சொல்லிக்கொடுப்பது அவள்தான். முதல் நாள் பாடத்தை அவள் எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறாள்: "எம்பது ரூபாய்க்கு ரெண்டு கிலோன்னா, அறுபது ரூபாய்க்கு எவ்வளவு?"