தொப்பூர் இறக்கமும் ஓர் இன்டர்வியூவும்



டெவ்ஆப்ஸ் வேலைக்குத் தயாராவது எப்படி என்று தம்பி தங்கைகளுக்குச் சொல்லச் சொன்னார்கள். முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

புரோகிராம் எழுதுபவருக்கும் சர்வரைக் காப்பவருக்கும் நடுவே நின்ற சுவரை இடிக்க வந்ததே டெவ்ஆப்ஸ். 2009-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேட்ரிக் டெபுவா கூட்டிய மாநாட்டோடு பரவிய பெயர். டாக்கர் 2013, குபர்னெட்டிஸ் 2014 என்று எல்லாவற்றையும் உருப்போட்டுக்கொண்டு போனேன். கேட்டதோ வேறு: "புது வெர்ஷன் போட்டதும் சைட் படுத்துவிட்டது. முதல்ல என்ன செய்வீங்க?"

"லாக் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிப்பேன்" என்றேன். வேலை கிடைக்கவில்லை.

நாமக்கல்லில் லாரி ஓட்டிய அப்பாவிடம் சொன்னேன். "தொப்பூர் இறக்கத்துல பிரேக் பிடிக்கலைன்னா, ஏன் பிடிக்கலைன்னு யோசிச்சிட்டிருப்பியா கண்ணு? கியரைக் குறைச்சு, ஓரங்கட்டி வண்டிய நிறுத்தோணும். காரணத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அதுதான் விடை! முதலில் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டும், காரணம் பிறகு. அதற்குப் பழையது பத்திரமாகக் கையில் இருக்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன். கிட், ஜென்கின்ஸ், டாக்கர் கொண்டு சின்ன சைட் ஒன்றை ஏற்றினேன். நானே கெடுத்தேன், நானே மீட்டேன், பலமுறை. அடுத்த இன்டர்வியூவில் செய்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் "தெரியலைங்க" என்றேன். வேலை கிடைத்தது.

ஆகவே, ஒரு சைட்டையாவது கெடுத்துச் சரிசெய்துவிட்டுப் போங்க.