ஆசிரியராகப் புகும் தமிழிளைஞர்க்கு

(கல்வியியல் பயிலும் மாணவரிடை நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



பள்ளியில் தமிழின் நிலை எவ்வாறுள்ளது என்று அறிய விரும்புவோர் தமிழ்ப்பாட வகுப்பிற்குச் செல்ல வேண்டுவதில்லை. அங்கே தமிழ் இருந்தே தீரும். எட்டாம் வகுப்பின் அறிவியற் பாடவேளையில் வாயிலருகே சற்று நின்று கேட்டால் போதும். நூலில் 'ஒளிச்சேர்க்கை' என்று அச்சாகியிருக்கும். ஆசிரியர் வாயிலோ 'போட்டோசிந்தசிசு' என்று வரும். நூலில் 'வினையூக்கி' என்றிருக்கும். கரும்பலகையில் 'கேட்டலிசுட்டு' என்று எழுதப்படும். தமிழ்வழி வகுப்பு என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இதனால் இழப்பு யாருக்கு? சிற்றூரிலிருந்து வரும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒளியும் தெரியும், சேர்க்கையும் தெரியும். இரண்டையும் இணைத்துச் சொன்னால், இலை ஒளியைக் கொண்டு உணவாக்குகிறது என்னும் உண்மையில் பாதியை அச்சொல்லே கற்பித்துவிடும். மின்னைக் கடத்துவது மின்கடத்தி. வினையை ஊக்குவது வினையூக்கி. பொருள் விளங்கும் சொல்லைப் பறித்துக்கொண்டு, பொருள் விளங்காத ஒலியைக் கையில் திணித்தால் பிள்ளை என்ன செய்யும்? நெட்டுருச் செய்யும். நெட்டுருச் செய்தது தேர்வன்றே மறந்து போகும். பிறகு அப்பிள்ளையை அறிவில்லாதவன் என்று இகழ்வர். அறிவைத் தடுத்தவர் எவர் என்று கேட்பாரில்லை.

அவ்வாசிரியரும் தமிழ்த்தாய் வயிற்றுப் பிள்ளையே. அவரைக் குறைகூறி முடித்துவிடுதல் எளிது. ஆனால் நோயின் வேர் அவர் ஆசிரியராவதற்கு முன்னரே, ஆசிரியராவதற்குக் கற்ற காலத்திலேயே உள்ளது. அவ்வேரைத்தான் இன்று காணல் வேண்டும்.

பட்டம் வந்த வழி

சைதாப்பேட்டையில் இன்றுள்ள அரசு ஆசிரியர் கல்லூரி, 1856ஆம் ஆண்டு சென்னையில் ஆங்கில அரசு நிறுவிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. பின்னர்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர்க்கென எல்.டி. என்னும் சான்று வந்தது, அதுவே பி.டி. ஆயிற்று, பின்னர் பி.எட். ஆயிற்று. பெயர்கள் மாறின, பயிற்றுமொழி நெடுங்காலம் ஆங்கிலமாகவே நின்றது. கற்பித்தற் கலை மேலை நாட்டிலிருந்தே வந்தது என்னும் மயக்கமும் உடன் நின்றது. கல்லூரிக் கல்வியில் 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி இளங்கலை வகுப்பு தொடங்கப்பெற்ற போதும், தமிழால் இயலுமா என்று ஐயுற்றோர் பலர். இயலும் என்று காட்டியவர்கள் அவ்வகுப்பில் பயின்ற மாணவர்களே.

2008இல் தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியது. நடுவண் அரசின் ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த நெறிமுறைகளால் ஓராண்டாக இருந்த இளநிலைக் கல்வியியல் ஈராண்டாயிற்று. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16, ஆக 20 கிழமைகள், அஃதாவது ஏறத்தாழ ஐந்து திங்கள், மாணவர் பள்ளியிலேயே பயிற்சி பெறல் வேண்டும் என்றும் அந்நெறிமுறை வகுத்தது. கருதத்தக்கது இவ்வைந்து திங்களே.

நன்னூல் காட்டும் கணக்கு

கற்பித்தற் கலையைத் தமிழர் பிறரிடம் இரந்து பெற வேண்டிய நிலையில் என்றும் இருந்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய பவணந்தியாரின் நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் இயல்பையும், பாடஞ் சொல்லும் முறையையும், மாணாக்கன் இயல்பையும், பாடங் கேட்கும் முறையையும் வகுத்துக் கூறுகிறது. ஆசிரியராகத் தகாதவர் எவர் என்பதையும் அது மறைக்கவில்லை.

அங்கே ஓர் அரிய கணக்கு உள்ளது. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக்கொண்ட அளவில் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகி ஆய்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும்.

இக்கணக்கைப் பயிற்சிக் காலத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். பள்ளியில் நிற்கும் அவ்வைந்து திங்களில்தான் மாணவ ஆசிரியரின் அரைப்பங்கு அறிவு உருவாகிறது. அக்காலத்தில் அவர் எம்மொழியால் எடுத்துரைக்கிறாரோ அம்மொழியிலேயே அவ்வறிவு படிந்துவிடும். கலப்பு மொழியால் முதற்பாடம் நடத்தியவர் முப்பதாண்டும் கலப்பு மொழியாலேயே நடத்துவார். தூய தமிழால் ஒரு கருத்தை ஒரு முறை தெளிவுற விளக்கிவிட்டவரோ அச்சுவையை விடமாட்டார்.

பயிற்சியில் நேரும் பழுது

இத்துணைப் பெருமை வாய்ந்த பயிற்சி இன்று எவ்வாறு நடக்கிறது? அரசுக் கல்வியியல் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. பெரும்பாலன தனியார் நடத்தும் தன்னிதிக் கல்லூரிகள். அவற்றுள் செவ்வனே நடப்பனவும் உள. ஆயினும், பணங்கட்டினால் வராமலே பட்டம் பெறலாம் என்னும் இழிநிலையும் சில இடங்களில் உண்டு. பாடக்குறிப்பேடுகளை எழுதித் தருவோர்க்குக் கூலி கொடுத்து வாங்குவோரும் உளர். மாணவர் உள்ளத்தை அறிவதற்கான உளவியல், சுருக்க உரைநூலின் வினாவிடையாகச் சுருங்கிவிட்டது. வாங்கிய குறிப்பேட்டால் பட்டம் கிடைக்கலாம். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கும்போது அக்குறிப்பேடு துணைக்கு வாராது.

செய்யத்தக்கன

கல்வியியல் பயிலும் தமிழிளைஞர் முதற்கண் தேர்வைத் தமிழிலேயே எழுதுதல் வேண்டும், அவ்வாய்ப்பு உள்ளது. இரண்டாவது, தம் பாடத்திற்குரிய ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்கள் அனைத்தையும் எடுத்து, அவற்றிலுள்ள கலைச்சொற்களைத் தம் கையால் ஓர் ஏட்டில் தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அதன் வேர், பொருள், அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு ஆகிய மூன்றையும் எழுதல் வேண்டும். ஈராண்டு முடிவில் அவ்வேடு எவ்வுரைநூலினும் சிறந்த கருவூலமாகும். மூன்றாவது, பாடக்குறிப்பைத் தாமே எழுதி, உடன் பயில்வார் நால்வர் முன் நடத்திக் காட்டி, குறை கேட்டுத் திருத்துதல் வேண்டும். நன்னூல் சொன்ன இரண்டாம் காற்பங்கு இதுவே. நான்காவது, பள்ளிப் பயிற்சியில் கலைச்சொல்லைச் சொல்லுமுன் பொருளைக் காட்டுதல் வேண்டும். பொருளைக் கண்ட பிள்ளை பெயரைத் தானே கேட்கும்.

பட்டத்திற்குப் பின்னும் வாயில்கள் உள. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குரிய ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். அவற்றுள் குழந்தை உளவியலுக்கும் கற்பித்தலுக்கும் 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்திற்கு 30, தம் பாடத்திற்கு 60. 2012இல் தமிழ்நாட்டில் இத்தேர்வு முதன்முதல் நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஒன்றரை மணிநேரம் போதாதென்று அவ்வாண்டிலேயே மூன்று மணிநேரம் தந்து மீண்டும் நடத்தினர். நேரக்குறை ஒருபுறமிருக்க, வாங்கிய குறிப்பேட்டின் வெறுமையும் அன்று வெளிப்பட்டது.

"தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்போர் சட்டத்தை அறிதல் நன்று. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 20 முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. பணிக்குரிய பட்டம் மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டுமென 2020இல் அது திருத்தப்பெற்றது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் நூற்றுக்கு 40 பெற்றாலன்றி ஏனைய தாள்கள் மதிப்பிடப்பெறா என 2021 திசம்பரில் ஆணை வந்தது. எனவே இன்று இடையிலுள்ள தடை சட்டத்தைவிட அச்சமே.

தமிழில் மேற்கோள் நூல்கள் போதா என்பர். அது மெய்யே. 2012க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியமையால், அந்நூல்களை எழுதும் ஊக்கமும் குன்றியது. ஆயினும் நூல் வந்தபின் கற்பிக்கலாம் என்று காத்திருந்தால் நூல் வாராது. கற்பிக்கும் ஆசிரியன் எழுதினாலன்றி அந்நூலை எழுதத் தக்கவர் வேறெவர்?

மொழிஞாயிறு பாவாணர் பள்ளியாசிரியராகவே தம் பணியைத் தொடங்கினார். பள்ளியில் கற்பித்துக்கொண்டே 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். ஐம்பதாம் அகவையில், 1952இல், முதுகலைப் பட்டம் பெற்றார். கற்பித்தலும் கற்றலும் அவர்க்கு ஒன்றாகவே இருந்தன. சொல்லாராய்ச்சியில் அவர் எய்திய உயரத்தின் அடிப்படை, நாள்தோறும் மாணவர்க்கு எடுத்துரைத்த அவ்வகுப்பறையே.

தமிழிளைஞர்களே! பள்ளி வாயிலில் பயிற்சி ஆசிரியராக முதன்முதல் கால்வைக்கும் நாள் விரைவில் வரும். கையில் சுண்ணக்கட்டி இருக்கும். முன்னே பிள்ளைகள் இருப்பர். அன்று கரும்பலகையில் எழுதும் முதற்சொல் தமிழ்ச்சொல்லாக இருக்கட்டும். அச்சொல்லின் பொருள் கடைசி விசிப்பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் விளங்கட்டும். மேடை முழக்கத்தினும் தமிழ்க்கு அதுவே உறுதி பயக்கும்.

கற்க! கற்பிக்க! தமிழால் கற்பிக்க!