மௌனம்தான் கொல்லும்

எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

புதிதாக வரும் காமிக்ஸ் தொடர்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் கருத்து, அந்தத் தொடரை வாழ வைக்கிறதா, வதம் செய்கிறதா? இதுதான் தலைப்பு. 'வாழ வைக்கிறது' என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "முதல் புத்தகம் வந்து மை காயறதுக்குள்ள, இது தேறாதுன்னு தீர்ப்பு எழுதிடறாங்க. பிள்ளை பிறந்த அன்னிக்கே ஜாதகத்தைக் கிழிச்சுப் போடறாங்க" என்று கண்ணீர் விட்டார். தம்பி, அழாதீங்க. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்க.

வீட்டிலே ஒருத்தர் புதுசா ஒரு குழம்பு வைக்கிறார். அம்மாதான் வைக்கணுமா, அப்பா வச்சதாகவே வைத்துக்கொள்வோம். (சிரிப்பு, கைதட்டல்) ஒரு பிள்ளை சாப்பிட்டுப் பார்த்து, "உப்புக் கம்மி, புளி ஜாஸ்தி, ஆனா வாசனை நல்லாயிருக்கு" என்கிறான். இன்னொரு பிள்ளை ஒன்றுமே பேசவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இந்த இரண்டு பேரில் அந்தக் குழம்பைக் கொன்றவன் யார்? உப்புக் கம்மி என்று சொன்னவன் நாளைக்கும் அதே அடுப்பிலிருந்து சாப்பிட வரப்போகிறான். அதனால்தான் சொல்கிறான். பேசாமல் போனவன் தெருமுனை ஓட்டலுக்குப் போய்விட்டான். ஐயா, ஒரு தொடரைக் கொல்வது கருத்து அல்ல, மௌனம்! (கைதட்டல்)

"காமிக்ஸ் சின்னப் பசங்க சமாச்சாரம்தானே, அதுக்கு ஒரு பட்டிமன்றமா?" என்று சில பெரியவர்கள் நினைக்கலாம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. அன்றைக்கு பாடப்புத்தகத்துக்குள்ளே ஒளித்து வைத்து அதைப் படித்த பையன்கள்தான் இன்றைக்கு வங்கி மேலாளர், அரசு அதிகாரி, தாத்தா! (சிரிப்பு) பேரனிடம் கொடுக்காமல் இன்னமும் ஒளித்து வைத்துத்தான் படிக்கிறார்கள். (பலத்த சிரிப்பு)

சரி, கருத்து எப்படி வாழ வைக்கும்? ஒரு பச்சை மனிதன் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவிலே மார்வெல் நிறுவனம் 1962-இல் 'ஹல்க்' என்று ஒரு தொடரை ஆரம்பித்தது. எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கிர்பி. கோபம் வந்தால் ராட்சசனாக மாறிவிடுகிற ஒரு விஞ்ஞானி. நம்ம வீட்டிலேயும் ஒருத்தர் இருப்பார், காலையிலே காபி வரலைன்னா! (சிரிப்பு) ஆறே ஆறு இதழ்தான். 1963-இல் கடையை மூடிவிட்டார்கள். அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. அவன் மற்ற வீரர்களின் கதைகளில் விருந்தாளி மாதிரி தலை காட்டினான். கல்லூரி மாணவர்களுக்கு அவனைப் பிடித்துப்போனது. கடிதங்கள் வந்தன. 1964-இல் வேறொரு பத்திரிகையில் அவனுக்கென்று தனித் தொடர் மறுபடி ஆரம்பமானது. ஆறு இதழில் செத்த பிள்ளை, அறுபது ஆண்டு தாண்டி இன்றைக்கும் உறுமிக்கொண்டிருக்கிறான். ரசிகன் வாய் திறந்தான், ராட்சசன் உயிர் பெற்றான்! (கைதட்டல்)

இதே ஹல்க்கிடம் இன்னொரு வேடிக்கை. அந்த விஞ்ஞானியின் பெயர் புரூஸ் பேனர். மாதாமாதம் ஏகப்பட்ட கதைகளை எழுதிக்கொண்டிருந்த ஸ்டான் லீ, 1964-இல் மறதியாக 'பாப் பேனர்' என்று எழுதிவிட்டார். ரசிகன் விடுவானா? "ஐயா, எங்க ஆளு பேரு புரூஸ். யார் இந்த பாப்?" என்று கடிதம் மேல் கடிதம். அவர் என்ன செய்தார்? "அவருடைய முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர்" என்று அறிவித்துவிட்டார். ராபர்ட்டைச் சுருக்கினால் பாப்! வீட்டிலே ஒரு பேரு, பள்ளிக்கூடத்திலே ஒரு பேரு, பாட்டி கூப்பிட ஒரு பேரு, நம்ம ஊர் மாதிரி! (சிரிப்பு) இன்றைக்கு வரைக்கும் அவன் பெயர் ராபர்ட் புரூஸ் பேனர்தான். ஒரு கதாநாயகனுக்குப் பெயர்சூட்டு விழா நடத்தியது யார்? குறை கண்டுபிடித்த ரசிகன்!

அது மட்டுமல்ல. கதையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, 'அது ஏன் பிழையில்லை' என்று சாமர்த்தியமாக விளக்கம் சொல்லும் வாசகருக்கு அந்த நிறுவனம் ஒரு பரிசு அனுப்பியது. உறையைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. காலி உறை! அதுதான் பரிசே! (சிரிப்பு) அந்தக் காலி உறையைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள் வாசகர்கள். ஏன்? உள்ளே பணம் இல்லை, ஆனால் 'உன் கடிதத்தைப் படித்தேன்' என்ற மரியாதை இருந்தது.

எதிரணித் தலைவி அம்மா, "குறை சொல்றவனுக்கு உருவாக்கத் தெரியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன், கேட்டுக்கோங்கம்மா. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலே ராய் தாமஸ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். காமிக்ஸ் பைத்தியம். புதுத் தொடர் எது வந்தாலும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். அந்த நாளில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற பதிப்பாசிரியர், கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட ஆரம்பித்தார். அதைப் பார்த்து ரசிகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். 1961-இல் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற பேராசிரியர், ராய் தாமஸ் துணையோடு, ரசிகர்களுக்காகவே ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். 1965-இல் ராய் தாமஸ் மார்வெலில் வேலைக்குச் சேர்ந்தார். 1972-இல் ஸ்டான் லீ உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் தலைமை ஆசிரியராக உட்கார்ந்தார். பள்ளிக்கூட ஆசிரியரைப் பத்திரிகை ஆசிரியர் ஆக்கியது எது? அவர் எழுதிய கடிதம்! (பலத்த கைதட்டல்)

1963-இல் இன்னொரு பையனின் கடிதம் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் அச்சானது. பெயர் ஜார்ஜ் மார்ட்டின். உலகமே உட்கார்ந்து பார்த்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு மூலக்கதை எழுதியவர். அவர் எழுதி முதன்முதலில் அச்சேறியது நாவல் இல்லை, சிறுகதை இல்லை. ஒரு காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றிய வாசகர் கடிதம். அம்மா, கருத்துச் சொல்லும் பழக்கத்திலிருந்துதான் கதை சொல்லும் தைரியமும் வருது!

இப்போது எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டு. பேட்மேனுக்கு உதவியாளனாக ராபின் என்று ஒரு சிறுவன். முதல் ராபின் வளர்ந்து போய்விட்டான். இரண்டாவதாக வந்தவன் ஜேசன் டாட். வாசகர்கள் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. 'அவன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா' என்று பதிப்பகம் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள். பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் பையனைக் கொன்றுவிட்டார்கள். "பார்த்தீர்களா, இதுதான் ரசிகர் கருத்தின் லட்சணம்!" என்றார் தம்பி. அரங்கமே உச்சுக் கொட்டியது.

தம்பி, அது கருத்தா? காசு போட்டு ஒரே ஆள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஏன் சாகணும், ஏன் பிழைக்கணும் என்று ஒரு வரி காரணம் கேட்டார்களா? கேட்கவில்லை. காரணம் இருந்தால்தான் அது கருத்து. காரணம் இல்லாத எண்ணிக்கைக்குப் பெயர் வசூல்! (பலத்த கைதட்டல்) அந்த எண்ணைக் கொடுத்தது ரசிகனா? பதிப்பகம். இந்த வியாபார யோசனைக்கு ரசிகனை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? இன்னொரு சேதியும் உண்டு, கவலைப்படாதீர்கள். 2005-இல் அந்த ஜேசன் டாட் உயிரோடு திரும்பி வந்துவிட்டான். காமிக்ஸிலே செத்தவனும் சீரியலிலே செத்தவனும் திரும்பி வராமல் இருந்ததுண்டா? (சிரிப்பு)

அடுத்து ஜப்பானுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற பத்திரிகை. ஒவ்வொரு இதழிலும் ஒரு அஞ்சலட்டை. எந்தத் தொடர்கள் பிடித்தன என்று வாசகர் எழுதிப் போட வேண்டும். பின்தங்கிய புதுத் தொடர்கள் பத்து வாரத்திலேயே முடிந்துபோவது அங்கே சகஜமாக இருந்தது. கொடுமைதான். ஒப்புக்கொள்கிறேன். பத்து வாரத்தில் முருங்கைகூட காய்க்காது!

ஆனால் நடுவர் அவர்களே, அதே அட்டையால் பிழைத்த தொடரையும் பார்க்கணும் இல்லையா? டோரியாமா அகிரா என்ற ஓவியர் 1984-இல் 'டிராகன் பால்' தொடங்கினார். ஆரம்பத்திலே வரவேற்பு சரிந்தது. ஆசிரியரும் ஓவியரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கதைக்குள்ளே ஒரு சண்டைப் போட்டியைக் கொண்டுவந்தார்கள். பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். தொடர் 1995 வரை ஓடியது. அந்தக் காலத்தில்தான், 1994 டிசம்பரில் வந்த ஓர் இதழ், 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அட்டை ஒன்றுதான். அதைப் பார்த்துச் சிலர் தொடரை நிறுத்தினார்கள், சிலர் தொடரைத் திருத்தினார்கள். வாசகன் கையில் இருப்பது தராசு. வாள் பதிப்பாளர் கையில் இருக்கிறது. வாள் வெட்டியதற்குத் தராசைக் கைது செய்யலாமா? (கைதட்டல்)

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் மனசுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

ஜப்பானில் லட்சக்கணக்கில் விற்கிறது. ஒருத்தர் பேசாவிட்டால் இன்னொருத்தர் பேசுவார். தமிழ் காமிக்ஸ் வாசகர் வட்டம் சின்னது. எந்த வெளிநாட்டுத் தொடரை வாங்கலாம், எதை மொழிபெயர்க்கலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவு செய்கிற ஆசிரியருக்கு ஒவ்வொரு கடிதமும் ஒரு கைவிளக்கு. பெல்ஜியத்திலிருந்து ஒரு தொடர். தான் யார் என்பதையே மறந்துபோன ஒருவன், உடம்பிலே பச்சை குத்திய பதின்மூன்று என்ற ரோமன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தன்னைத் தானே தேடி அலைகிறான். தமிழிலே 'இரத்தப் படலம்' என்ற பெயரில், இடைவெளி விட்டு விட்டு வந்தது. அவனுக்கு ஞாபகமறதி. நடுவில் விட்டுப்போனதால் நமக்கும் ஞாபகமறதி! (சிரிப்பு) வாசகர்கள் விடவில்லை. 'முழுசா ஒரே புத்தகமா போடுங்க' என்று கேட்டார்கள், கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2010-இல் 18 பாகங்களும் ஒரே தொகுப்பாகத் தமிழில் வந்தன. அடுத்து, 'வண்ணத்திலே வேணும்' என்றார்கள். 2018-இல் அதுவும் வந்தது. அவர்கள் வாய் மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது நடந்திருக்குமா, சொல்லுங்கள்!

ஈரோடு புத்தகத் திருவிழாவிலே அந்த வாசகர்கள் கூடுவதைப் பார்க்கணும். நரைத்த தலைகள். "டெக்ஸ் வில்லர் போதும், புதுசா ஏதாவது போடுங்க" என்பார் ஒருவர். "டெக்ஸ் இல்லாத மாசம் ஒரு மாசமா?" என்று பாய்வார் இன்னொருவர். வாய்ச்சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். (சிரிப்பு) அந்தச் சண்டை நிற்கிற அன்றைக்குத்தான் நான் பயப்படுவேன். அன்றைக்குத் தமிழில் காமிக்ஸ் நின்றுபோயிருக்கும்.

இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், கெடுப்பதற்கு ஆள் இல்லாமலேயே கெட்டுப்போவான் என்பது வள்ளுவர் வாக்கின் சாரம். அரசனுக்கே அந்தக் கதி என்றால், புத்தகக் கடைக் கொடியில் தொங்குகிற 64 பக்கப் புத்தகத்துக்கு என்ன கதி?

ஆகவே தாய்மார்களே, பிள்ளைகளே! ஒரு புதுத் தொடர் பிடித்தால் ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை, 'மொக்கை' என்று ஒரு வார்த்தை, இது இரண்டும் போதாது. காரணத்தோடு எழுதுங்கள். எங்கோ ஒரு மேஜையில் ஒருவர் தூரிகையோடு காத்துக்கொண்டிருக்கிறார். திட்டைக்கூட அவர் தாங்குவார். யாரும் படிக்கவில்லையோ என்ற சந்தேகத்தைத்தான் அவரால் தாங்க முடியாது.

எனவே நடுவர் அவர்களே, கருத்துச் சொல்லும் ரசிகன் தொடரை வாழ வைக்கிறான், கருத்தே சொல்லாத மௌனம்தான் அதை வதம் செய்கிறது என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)